பாலேப் பித்தரும் பீற்றர்ஸ்பேர்க் அரங்கும்

ஆடலரங்கில் இடைவேளை மணி ஒலித்ததும் மற்றொரு நாடகம் தொடங்குகின்றது. திரைக்கு அப்பாலன்று, திரைக்கு இப்பால், கூடத்திலும் படிக்கட்டிலும் பார்வையாளர் நடத்தும் நாடகம் அது. இன்று தலைமைப் பாத்திரத்தை இவளுக்கா கொடுத்திருக்க வேண்டும்? போன மாதம் ஆடியவள் இவளிலும் எத்துணை மேல்? அந்தப் பழைய ஆட்டத்தை ஏன் கைவிட்டார்கள்? இந்தப் புதிய ஆட்டத்தை யார் கேட்டார்கள்? வினாக்கள் இவ்வாறு எழும். விடைகளும் உடனுக்குடன் பிறக்கும்.

இத்தகைய பேச்சு எல்லாக் கலைகளிலும் உண்டு. ஆயினும் ஐரோப்பியரின் பாலே நடனத்தில் அது பெற்ற வலிமைக்குத் தனியானதொரு காரணம் இருந்தது. எழுதி வைத்த காவியம் நூறாண்டு பெட்டியிற் கிடந்தாலும் படிப்பவன் ஒருவன் வந்ததும் உயிர் பெறும். இசையையும் தாளில் எழுதி வைக்கலாம். ஆடலோ ஆடுவோரின் உடலில் மட்டுமே வாழ்வது. ஒரு தலைமுறை ஆடாது விட்டால், அதை அறிந்த கால்கள் முதுமையடைந்து ஓய்ந்துவிடும். பின்னர் அதை மீட்பார் இல்லை. ஆகவே, எது ஆடப்பட வேண்டும், எவர் ஆட வேண்டும் என்று இரசிகர் நிகழ்த்திய வாதங்கள் வெறும் பொழுதுபோக்காக முடியவில்லை. ஒரு கலைச்செல்வத்தில் எந்தப் பகுதி பிழைக்கும், எந்தப் பகுதி மறையும் என்பதை அவை பெரிதும் தீர்மானித்தன.

இந்த வழக்கின் முதல் நீதிமன்றம் பாரிஸ் நகரில் கூடியது. 1832ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆம் நாள் பாரிஸ் ஒப்பெரா அரங்கில் மரியா தலியோனி என்னும் நங்கை ‘லா சில்பீட்’ என்னும் ஆட்டத்தில் காற்றில் உலவும் அணங்காகத் தோன்றினாள். அதனை அமைத்தவர் அவளுடைய தந்தையார். கால்விரல் நுனியில் நிற்றல் அதற்கு முன்னரும் சிலர் செய்த வித்தைதான். அதனை வித்தையென்று தோன்றாவண்ணம், நிலத்தோடு உறவற்ற ஒரு பிறவியின் இயல்பு என்று தோன்றும்படி ஆடியவள் அவளே. அரங்கின் பணிப்பாளர் வெரோன் கலையை அறிந்த அளவுக்கு வாணிபத்தையும் அறிந்தவர். ஒரே நட்சத்திரம் இருந்தால் இரசிகர் வியப்பர், இரண்டு இருந்தால் சண்டையிடுவர், சண்டையிடுவோர் நாள்தோறும் சீட்டு வாங்குவர் என்று அவர் கணக்கிட்டார் போலும். வியன்னா நகரத்து ஃபனி எல்ஸ்லர் 1834இல் அழைக்கப்பட்டாள். துள்ளலும் கண்வீச்சும் நிறைந்த ஸ்பானிய ஆடலொன்றினால் அவள் 1836இல் நகரையே கவர்ந்தாள். கவிஞரும் விமரிசகருமான தெயோபில் கோத்தியே, தலியோனியைக் கிறித்தவ நர்த்தகி என்றும் எல்ஸ்லரைக் கிறித்தவத்துக்கு முந்திய தொல்சமயத்து நர்த்தகி என்றும் வகுத்துக் காட்டினார். நகரம் இரு கட்சியாயிற்று. தலியோனி பாரிஸை நீங்கியபின், 1838இல் அவளுக்கே உரியதெனக் கருதப்பட்ட காற்றணங்குப் பாத்திரத்தை எல்ஸ்லர் ஏற்றபோது தலியோனி கட்சியார் அரங்கில் பெருங்கூச்சல் எழுப்பினர்.

அதே 1838இல் அந்நகரத்து இரசிகர்களுக்கு எதிர்பாராத வேறொரு காட்சியும் கிட்டியது. புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தேவதாசியர் சிலரும் இசைவாணர் மூவரும் கப்பலேறிச் சென்று பாரிஸ் அரங்கொன்றில் ஆடினர். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே தலியோனி ஓர் ஒப்பெராவில் இந்திய தேவதாசியாக வேடம் புனைந்து ஆடிப் புகழ் பெற்றிருந்தாள். இப்போது உண்மையான தேவதாசியர் கண்முன் நின்றனர். அவர்களுள் அம்மணி என்பவளைக் கோத்தியே வியந்து எழுதினார். தலியோனிக்கும் எல்ஸ்லருக்கும் சிறு வெண்கலப் படிமங்கள் வடித்த பார் என்னும் சிற்பி அம்மணிக்கும் ஒன்று வடித்தார். பாரிஸ் இரசிகரோ சில வாரங்களில் தம் பழைய வழக்குக்கே மீண்டனர். தாம் கற்பனை செய்த கிழக்கு அவர்களுக்கு இனித்தது. நேரில் வந்த கிழக்கை எந்தக் கட்சியிற் சேர்ப்பது என்று அவர்கள் அறிந்திலர்.

தலியோனி பாரிஸிலிருந்து சென்ற இடம் ருஷ்யப் பேரரசின் தலைநகராகிய சென் பீற்றர்ஸ்பேர்க். 1837 முதல் 1842 வரை அவள் அங்கு ஆடினாள். அவள் விடைபெற்றபோது அவளுடைய ஆடற் பாதணிகளை இரசிகர் சிலர் இருநூறு ரூபிளுக்கு வாங்கிச் சமைத்து, குழம்பு சேர்த்து உண்டனர் என்று ஒரு கதை இன்றளவும் சொல்லப்படுகின்றது. உண்டார்களோ இல்லையோ, அப்படி ஒரு கதை பிறக்கக்கூடிய ஊர் அதுவே. பாலேப் பித்தர் என்று பொருள்படும் தனிச் சொல்லொன்று அந்நகரில் வழங்கியது; அச்சொல் பின்னர் உலகெங்கும் பரவியது.

இப்பித்தர் யாவர்? பிரபுக்கள், படை அதிகாரிகள், உயர் உத்தியோகத்தர், பத்திரிகை ஆசிரியர். சுரங்கப் பொறியியலாளராகிய ஸ்கல்கோவ்ஸ்கி அவர்களுள் ஒருவர். அரச சுரங்கத் திணைக்களத்தின் தலைமை வரை உயர்ந்தவர், நடனத்தைப்பற்றி நூல்கள் எழுதியவர். ‘பீற்றர்ஸ்பேர்க் கசெற்’ பத்திரிகையின் ஆசிரியர் ஹுதெக்கோவ் மற்றொருவர். புதனும் ஞாயிறும் பாலேக்குரிய மாலைகள். முன்வரிசை இருக்கைகள் சந்தாவுக்கு உரியவை. தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் சொத்துப்போல் இறங்குபவை. புதியவன் ஒருவன் பணம் இருந்தாலும் அவற்றை எளிதிற் பெற முடியாது. ஒரே நடன மாதை ஒரே பாத்திரத்தில் இருபது முறை பார்த்தவர்களுக்கு அவளுடைய கணுக்காலின் களைப்பும் தெரியும், கண்ணின் கவலையும் தெரியும். இன்ன அடவில் இன்னாள் தடுமாறினாள் என்ற செய்தி மறுநாள் காலைத் தேநீரோடு நகரெங்கும் பரவும். அவ்வளவில் அவர்கள் நடனம் பயின்ற ஆசிரியர்களிலும் கூர்மையான பரீட்சகர்கள். ஆனால் அவர்கள் மேலிருந்த குறையும் அதுவே. தமக்குத் தெரிந்ததை எவர் எவ்வாறு செய்கின்றார் என்று பார்த்தனரேயன்றி, தமக்குத் தெரியாத ஒன்றைப் பார்க்க அவர்கள் அங்கு வரவில்லை. அரசரின் கருவூலத்திலிருந்து பெரும்பணம் பாயும் அரங்கில் இவர்கள் நடத்திய வாழ்வைக் கவிஞர் நெக்ராசோவ் 1866ஆம் ஆண்டளவில் ‘பாலே’ என்ற தலைப்பிலேயே எள்ளிப் பாடினார்.

அரங்கின் உச்சியிலோ வேறொரு கூட்டம் இருந்தது. நம்மவர் கலரி என்று சொல்லும் மலிவான இருக்கைகளில் மாணவரும் எழுத்தரும் இளைஞரும் நெருங்கி அமர்ந்திருந்தனர். ஆட்டம் முடிந்ததும் பனியில் நின்று, கலைஞர் வெளியேறும் வாயிலில் காத்திருப்போர் இவர்கள். கீழ்த்தளத்தின் தீர்ப்பும் மேல்தளத்தின் தீர்ப்பும் ஒன்றாய் அமைவது அரிது. பத்திரிகையில் ஏறியது கீழ்த்தளத்தின் தீர்ப்பு. காலத்தில் நின்றது எது என்பதை 1877ஆம் ஆண்டிலிருந்து பார்க்கலாம்.

அவ்வாண்டில், இன்றைய நாட்காட்டிப்படி பெப்ரவரி 4ஆம் நாள், பீற்றர்ஸ்பேர்க்கில் ‘லா பயதேர்’ அரங்கேறியது. தேவதாசி என்பதே அதன் பொருள். மர்சேய் நகரிற் பிறந்து 1847இல் ருஷ்யாவுக்கு வந்த மரியுஸ் பெத்திப்பா அதன் நடனங்களை அமைத்தார். கதையை அவரோடு சேர்ந்து வகுத்தவர் பத்திரிகையாசிரியர் ஹுதெக்கோவ். பித்தர்களில் ஒருவரே எழுதிய கதை என்றால் பித்தர்களுக்குப் பிடிக்காதிருக்குமோ? அதற்குச் சரியாக நான்கு கிழமைகளின் பின், மார்ச் 4ஆம் நாள், மொஸ்கோவில் மற்றோர் ஆட்டம் அரங்கேறியது. சைக்கோவ்ஸ்கியின் இசையில் அமைந்த ‘அன்னத் தடாகம்’ அது. நடனமாக்கிய ரைசிங்கர் இசைக்கு ஈடுகொடுக்கவில்லை. இசைக்குழுவினர் கடினமென்று முறையிட்டனர். தலைமை நர்த்தகி ஒருத்தி, தனக்கு வேறோர் இசையமைப்பாளரின் இசையில் இருவராடல் ஒன்றை அமைத்துத் தரும்படி பெத்திப்பாவையே நாடிச் சென்றாள். செய்தி அறிந்த சைக்கோவ்ஸ்கி, அந்த அடவுகளுக்கு அளவு பிசகாமல் தாமே புதிய இசை எழுதிக் கொடுத்து மானத்தைக் காத்துக்கொண்டார். 1883இல் அன்னத் தடாகம் அரங்கிலிருந்து நீங்கியது. அது நீங்கியதை நினைத்து வருந்தியவர் மிகச் சிலரே.

பீற்றர்ஸ்பேர்க்கில் அக்காலம் பாலேக்கும் நலிவுக் காலமாயிருந்தது. அந்த நலிவை நீக்கியது அரச அரங்கன்று. தலைநகரத்துப் பூங்காவொன்றில் நடந்த கோடைக் களியாட்டம். 1882இல் தலைநகரங்களில் அரச அரங்குகளுக்கிருந்த தனியுரிமை நீக்கப்பட்டதால் தனியார் அரங்குகள் எழுந்தன. 1885ஆம் ஆண்டுக் கோடையில் அத்தகைய பூங்கா அரங்கொன்றில் இத்தாலியப் பெண்ணாகிய வேர்ஜீனியா சுக்கி ஆடினாள். முதல் நாட்களில் ஓரளவு கூட்டம். பின்னர் நகரமே வண்டிகட்டிச் சென்றது. ஒரு முறை முதுகைத் திருப்பி நின்றாலே அதில் கவிதை உண்டென்று அக்காலத்து விமரிசகர் ஒருவர் எழுதினார். அவள் துன்பத்தை நடித்தாள் என்பதினும், துன்பப்பட்டாள் என்றே கண்டவர் சொன்னார்கள். பித்தர்களும் பத்திரிகைகளும் ஒரே குரலில் கேட்க, அரச அரங்குகளின் பணிப்பாளர் விசெவலோஷ்ஸ்கி அவ்வாண்டு முடியுமுன்னரே அவளை அரச மேடைக்கு அழைக்கலானார். இரசிகரின் கூக்குரல் நற்பயன் தந்த சந்தர்ப்பங்களுள் இது தலையாயது. சுக்கியைத் தொடர்ந்து இத்தாலியர் பலர் வந்தனர். அவர்களுடைய கால்வலிமையையும் சுழற்சி நுட்பத்தையும் கண்டு ருஷ்ய மாணவியர் தம்மைத் தீட்டிக்கொண்டனர்.

விசெவலோஷ்ஸ்கி இரசிகருக்குச் செவிசாய்த்தவர். ஆயினும் இரசிகருக்கு அடங்கியவர் அல்லர். பாலே இசைக்கென அரசாங்கச் சம்பளத்தில் ஓர் இசையமைப்பாளரை வைத்திருந்த பதவியை அவர் 1886இல் ஒழித்தார். பெரிய இசைவாணர்களைப் பாலேக்கு அழைக்க வழி பிறந்தது. மொஸ்கோவில் தோற்ற சைக்கோவ்ஸ்கியை அவர் ‘உறங்கும் அழகி’ என்னும் சிறுவர் கதைக்கு இசை எழுத வேண்டினார். பெத்திப்பா, எந்த இடத்தில் எத்தனை தாள அளவு, எங்கே மெல்லிசை, எங்கே திடுக்கிடும் ஒலி என்று ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுத்தார். உடைகளைப் பணிப்பாளர் தம் கையாலேயே வரைந்தார். 1890 ஜனவரி 15ஆம் நாள் மரின்ஸ்கி அரங்கில் அது அரங்கேறியது. முந்திய நாள் ஒத்திகையை அரசர் மூன்றாம் அலெக்சாந்தர் பார்த்து, மிக நன்று என்ற அளவில் ஒரு சொல் சொல்லிப் போனார். அந்தச் சொல்லின் வறட்சி இசைவாணரின் உள்ளத்தை நோகச் செய்ததென்பதை அவருடைய நாட்குறிப்புக் காட்டுகின்றது.

முன்வரிசையின் தீர்ப்போ இன்னும் வறண்டது. இது பாலேயன்று, கண்காட்சி, கதை குழந்தைகளுக்குரியது, உணர்ச்சி நாடகம் எங்கே? பட்டுக்கும் வெல்வெட்டுக்கும் செலவிட்ட பணத்தில் எத்தனை நல்ல ஆட்டங்களைப் போட்டிருக்கலாம்? இசையோ வாத்தியக் கச்சேரிக்குப் பொருந்துமேயன்றிக் காலுக்குப் பொருந்தாது. இவ்வாறு பித்தரும் அவர்களைச் சார்ந்த பத்திரிகைகளும் குறை கூறின. இவை அறிவிலிகளின் சொற்கள் அல்ல என்பதைக் கவனித்தல் வேண்டும். சுக்கியின் கண்ணீரைக் கண்டு பழகியவர்களுக்கு, நாடகச் சிக்கல் குறைந்து நடனமே ஓங்கிய அந்தப் படைப்பு வெறுமையாய்த் தோன்றியது இயல்பே. கேட்டுப் பழகிய சீரான தாளத்தை எதிர்பார்த்த செவிகளுக்கு அந்த இசை பாரமாய்த் தோன்றியதும் இயல்பே. அவர்கள் பழைய அளவுகோலைச் சரியாகவே பிடித்தனர். அளக்க வேண்டிய பொருள்தான் வேறாகிவிட்டது.

ஆனால் சீட்டுகள் விற்றுக்கொண்டே இருந்தன. மூன்றாண்டு நிறைவதற்குள் உறங்கும் அழகி ஐம்பதாவது முறை ஆடப்பட்டது. அதைப் பார்க்கத் திரும்பத் திரும்ப வந்தவர்களுள் அலெக்சாந்தர் பெனுவா என்னும் இளைஞர் ஒருவர். ஓவியர் பரம்பரையைச் சேர்ந்த அவரும் அவருடைய தோழர்களும் அந்த இசையில் மயங்கினர். பின்னாளில் தியாகிலெவ் குழு உருவாவதற்கு அம்மயக்கமே வித்தாயிற்று என்று பெனுவா நினைவுகூர்ந்துள்ளார். வறிய தாய் ஒருத்தி தன் சிறு மகளையும் அந்த ஆட்டத்துக்கு அழைத்துச் சென்றாள். தானும் ஒருநாள் அந்த இளவரசியாக ஆடுவேன் என்று அச்சிறுமி அன்றே தாயிடம் கூறினாளாம். அன்னா பாவ்லோவா என்பது அவள் பெயர். 1923இல் உதயசங்கரைத் தன்னோடு இலண்டன் மேடையில் ஏற்றியவளும், பாலே பயில விரும்பிய ருக்மிணி தேவியைத் தாய்நாட்டு ஆடலின்பால் திருப்பியவளும் அவளே.

சைக்கோவ்ஸ்கி 1893இல் காலமானார். அவர் நினைவுக்காக அன்னத் தடாகத்தின் ஒரு பகுதி 1894இல் ஆடப்பட்டது. 1895இல் பெத்திப்பாவும் இவானோவும் அதை முழுமையாக மீண்டும் அமைத்தனர். இத்தாலியளாகிய பியெரீனா லென்யானி அதில், ஒரு கால்விரல் நுனியில் நின்று மற்றக் காலைச் சாட்டைபோல் வீசி, நின்ற இடம் பெயராமல் முப்பத்திரண்டு முறை சுழன்றாள். பித்தர் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தனர். இசையைப்பற்றி எத்துணைப் பேச்சு நடந்ததென்று சொல்வதற்கில்லை. முப்பத்திரண்டு என்ற எண்ணைப்பற்றி நடந்த பேச்சுக்கு எல்லையில்லை. ருஷ்யப் பெண்களுள் அந்தச் சுழற்சியை முதலில் வென்ற மத்தில்டா க்ஷெசின்ஸ்கா நாட்டின் பெருமையாகக் கொண்டாடப்பட்டாள். அரச குடும்பத்தின் ஆதரவும் அவளுக்கு இருந்தது. 1901இல் ஓர் ஆட்டத்தில் வளையம் வைத்த பாவாடையை உடுக்க அவள் மறுத்தாள். பணிப்பாளர் இளவரசர் வொல்கொன்ஸ்கி தண்டம் விதித்தார். தண்டத்தை நீக்கும்படி அரசரிடமிருந்தே கட்டளை வந்தது. பணிப்பாளர் பதவி துறந்தார். ஒரு பாவாடை வளையத்தில் ஒரு நிர்வாகம் கவிழ்ந்தது.

அடுத்து வந்த ஆண்டுகளில் புதுமைக்கும் பழைமைக்கும் இடையே பூசல் முற்றியது. மொஸ்கோவிலிருந்து வந்த கோர்ஸ்கியின் புதிய அமைப்புகளை முன்வரிசை வெறுத்தது. 1903இல் எண்பத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த பெத்திப்பாவின் ‘மாய ஆடி’ தோல்வியுற்றது. அத்தோடு அவர் பணி முடிந்தது. ஃபோக்கின் என்னும் இளைஞர் குறுகிய, செறிந்த ஆட்டங்களைப் படைக்கத் தொடங்கினார். 1909இல் தியாகிலெவ் அவற்றையும் பாவ்லோவா, நிஜின்ஸ்கி போன்றோரையும் பாரிஸுக்குக் கொண்டுசென்று மேற்கு ஐரோப்பாவை வியக்க வைத்தார். அந்தக் கதை பலரும் அறிந்தது.

பலரும் அறியாதது, அந்தக் குழுவே தான் வளர்த்த இரசிகரிடம் தோற்ற கதை. 1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் தாய்நாட்டிலிருந்து துண்டிக்கப்பட்ட தியாகிலெவ், தம் இளமையின் செல்வமாகிய உறங்கும் அழகியை இலண்டனுக்குக் காட்ட விரும்பினார். அந்நகரில் ‘சூ சின் சௌ’ என்னும் இசைநாடகம் ஐந்தாண்டு ஓடியதைக் கண்ட அவருக்கு நீண்ட ஓட்டம் ஒன்றில் ஆசையும் பிறந்திருந்தது. அல்ஹம்ப்ரா அரங்கில் 1921 நவம்பர் 2ஆம் நாள் ‘உறங்கும் இளவரசி’ என்ற பெயரில் ஆட்டம் தொடங்கியது. பாக்ஸ்ற் காட்சிகளையும் உடைகளையும் வரைந்தார். ஸ்திராவின்ஸ்கி இசையில் சில பகுதிகளுக்கு வாத்தியம் அமைத்ததோடு, சைக்கோவ்ஸ்கியை வாயாரப் புகழ்ந்து பத்திரிகைக்குக் கடிதமும் எழுதினார். 1890இல் இளவரசி அரோராவாக ஆடிய பிரியான்சா இப்போது சாபமிடும் சூனியக்காரி கரபோஸாக மேடையேறினாள். இளவரசிப் பாத்திரத்துக்கு ஸ்பெசிவ்சேவா, திரெபிலோவா, எகோரோவா, லொபொக்கோவா எனச் சிறந்த நால்வர் இருந்தனர். இப்படியொரு குழாம் ஓர் அரங்கில் சேர்வது எளிதன்று.

முதல் இரவில் காட்டை வளரச் செய்யும் பொறிகள் பழுதடைந்தன. அது சிறிய தீவினை. பெரிய தீவினை, இருக்கைகளில் இருந்தவர்களின் மனத்திலே இருந்தது. பத்து ஆண்டுகளாகத் தியாகிலெவ் அவர்களுக்கு ஊட்டியது புதுமை. ஒரு மாலையில் மூன்று குறும் ஆட்டங்கள், புதிய ஓவியம், திடுக்கிட வைக்கும் இசை என்று பழகிய அவர்கள், ஒரே கதையை இரவு முழுவதும் பார்க்க நேர்ந்தபோது இது பழம்பஞ்சாங்கம் என்று முகம் சுளித்தனர். முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் பீற்றர்ஸ்பேர்க் பித்தர் மிகப் புதியது என்று தள்ளியதை, இலண்டன் சுவைஞர் மிகப் பழையது என்று தள்ளினர். 1922 பெப்ரவரி 4ஆம் நாள், நூற்றைந்து ஆட்டங்களின் பின் திரை விழுந்தது. கடனுக்காகக் காட்சிகளும் உடைகளும் அரங்க உரிமையாளர் வசமாயின. தியாகிலெவ் இலண்டனை விட்டு நீங்கினார்.

எனினும் வெறுமையாய்க் கிடந்த அந்த இருக்கைகளுக்கு நடுவே ஒருவர் இரவுதோறும் வந்து அமர்ந்திருந்தார். பொருளாதார அறிஞர் ஜோன் மெய்னார்ட் கெயின்ஸ் அவர். லொபொக்கோவாவின் ஆடலையே அவர் பார்க்க வந்தார். 1925இல் அவளை மணந்தார். தியாகிலெவ் 1929இல் இறந்து குழுவும் கலைந்தபோது, இலண்டன் பாலே அன்பர் சிலர் 1930இல் கமார்கோ சங்கம் என்னும் சங்கத்தை நிறுவினர். இவர்கள் வித்தியாசமான பித்தர். குறை கூறுவதற்கு ஒரு குழு இல்லாமற் போனதால் ஒரு குழுவுக்கு வழி செய்ய வேண்டியவரானார்கள். உறுப்பினர் சந்தாவைக் கொண்டு அரங்கை வாடகைக்கு எடுத்து, ஆங்கிலக் கலைஞரைக்கொண்டே புதிய ஆட்டங்களை அமைப்பித்தனர். அச்சங்கத்தின் பொருளாளர் கெயின்ஸ். அதை நிறுவியவருள் ஒருவரான ஆர்னல்ட் ஹஸ்கெல், 1934இல் தாம் எழுதிய நூலுக்குப் பாலேப் பித்து என்றே பெயரிட்டார். சங்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. அதன் ஆட்டங்கள் நினெட் டி வலுவா அம்மையார் 1931இல் தொடங்கிய விக்-வெல்ஸ் குழுவுக்குச் சென்று சேர்ந்தன.

அந்தக் குழுவுக்கு மற்றொரு செல்வமும் வந்தது. மரின்ஸ்கியில் ஆட்ட மேற்பார்வையாளராயிருந்த நிக்கொலாய் செர்கேயெவ், 1918இல் ருஷ்யாவை விட்டு வெளியேறியபோது சில பெட்டிகளைத் தம்மோடு கொண்டுவந்தார். ஸ்தெபானொவ் என்னும் நடனக்காரர் இசைக்குறிகளை ஒத்த குறிகளால் ஆடலை எழுதும் முறையொன்றை வகுத்து 1892இல் வெளியிட்டிருந்தார். அம்முறையில் எழுதப்பட்ட இருபதுக்கு மேற்பட்ட ஆட்டங்களின் தாள்கள் அப்பெட்டிகளில் இருந்தன. உடலில் மட்டுமே வாழ்ந்த ஆடலுக்கு ஓரளவு ஏடு கிடைத்தது. 1921இல் தியாகிலெவுக்கு உதவியவையும் இத்தாள்களே. இவற்றைக் கொண்டு 1934இல் அன்னத் தடாகமும் 1939இல் உறங்கும் இளவரசியும் விக்-வெல்ஸ் குழுவால் ஆடப்பட்டன. அரோராவாக ஆடியவள் மார்கொட் பொன்டெய்ன்.

போர் முடிந்தது. போர்க்காலத்தில் பொதுமக்கள் நடனமாடும் கூடமாயிருந்த கொவென்ற் கார்டன் அரங்கு 1946 பெப்ரவரி 20ஆம் நாள் மீண்டும் திறக்கப்பட்டது. துணிக்கும் பங்கீட்டு அட்டை வேண்டிய காலம் அது. திறப்பு விழாவுக்கு அவர்கள் தெரிந்தெடுத்த ஆட்டம் உறங்கும் அழகி. இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் அதே நகரில் கடனில் மூழ்கிய அதே ஆட்டத்தைக் காண மக்கள் திரண்டனர். நெடுநாள் இருளில் இருந்து எழுந்த நகருக்கு, நூறாண்டுத் துயிலிலிருந்து ஓர் அரண்மனை விழிப்பதைப் பார்ப்பது பழம்பஞ்சாங்கமாய்த் தோன்றவில்லை. அரங்கின் பொறுப்பாளர் சபைக்குத் தலைவர் கெயின்ஸ் பிரபு. அதற்குப்பின் இரண்டு மாதமே அவர் உயிர் வாழ்ந்தார்.

பீற்றர்ஸ்பேர்க்கின் பெயர் இதற்கிடையில் இருமுறை மாறி, 1991இல் பழைய பெயரே மீண்டது. அங்கே உறங்கும் அழகி இடையறாது ஆடப்பட்டு வந்ததாயினும், காலத்துக்கேற்பத் திருத்தங்கள் பெற்றது. 1952இல் கொன்ஸ்தாந்தின் செர்கேயெவ் அமைத்த வடிவமே அங்குள்ளோர் அறிந்த வடிவமாயிற்று. நிக்கொலாய் செர்கேயெவின் பெட்டிகளோ 1969இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்திருந்தன. 1999இல் செர்கேய் விகரெவ் என்பவர் அத்தாள்களை ஆராய்ந்து, 1890ஆம் ஆண்டு வடிவத்தை இயன்றவரை மரின்ஸ்கி மேடையில் மீட்டெடுத்தார். விசெவலோஷ்ஸ்கி வரைந்த உடைகள் மீண்டும் தைக்கப்பட்டன. ஆட்டம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீண்டது.

அரங்கினுள்ளும் வெளியிலும் உடனே இரு கட்சிகள் பிறந்தன. உடைகளின் நிறம் கண்ணைக் குத்துகின்றது. அபிநயம் மிகுதி, ஆட்டம் குறைவு. காலை வானளாவ உயர்த்தும் நம் பிள்ளைகளைத் தாழ உயர்த்தச் சொல்வது ஏன்? தாம் சிறுவயது முதல் பார்த்த அழகியை மாற்றிவிட்டார்கள் என்று பலர் சினந்தனர். மற்றையோர், இசைக்கும் அடவுக்கும் உள்ள பொருத்தம் இப்போதுதான் விளங்கிற்று என்று வாதிட்டனர். 1952ஆம் ஆண்டு வடிவத்தையும் நிர்வாகத்தார் கைவிடவில்லை. இரண்டு அழகியரும் ஒரே அரங்கின் நிரலில் இடம்பெற்றனர். இன்ன மாலையில் துயில் எழுபவள் எவள் என்று விசாரித்த பின்னரே பீற்றர்ஸ்பேர்க் இரசிகர் சீட்டு வாங்கினர்.